சக்கர எஃகின் உள்ளே நடப்பது

ரயில் சக்கரம் தேய்கிறது என்றால் அதன் விட்டம் குறைவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அளந்து பார்த்துவிடலாம் என்பதால் அந்தத் தேய்மானம் எனக்கு அவ்வளவு அச்சம் தருவதில்லை. எஃகின் உள்ளே ஓசையின்றி நிகழும் மாற்றமே என் கவலை.

சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுதான். பல டன் எடை அதன்வழியே இறங்குவதால், மேற்பரப்பு எஃகு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக இழுபடுகிறது. ஓடித் தேய்ந்த சக்கரத்தின் துண்டை மெருகேற்றி, அமிலக் கரைசலில் நனைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் இது கண்கூடு. ஆழத்தில், இரும்பும், இரும்பும் கரியும் சேர்ந்த கடினச் சேர்மமான சிமென்டைட்டும் மாறிமாறி அடுக்கிய, பியர்லைட் எனப்படும் அமைப்பின் தகடுகள் கைரேகை போலப் பல திசைகளில் கிடக்கும். மேலே வர வர, அவை படிய வாரிய தலைமுடி போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இந்த இறுக்கத்தால் கடினத்தன்மை கூடுகிறது என்பது நன்மைதான். ஆனால் எஃகின் நெகிழும் திறன் தீர்ந்ததும், அதே சாய்வின் வாக்கிலேயே விரிசல்கள் கிளம்புகின்றன.

பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் வழுக்கும்போது நிகழ்வது வேறு. தேய்ந்து தட்டையாகும் அந்தச் சிறு இடம் 720 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, ஆஸ்டினைட் என்னும், எஃகின் உயர்வெப்ப வடிவமாக மாறுகிறது. அடியிலுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிக்கொள்வதால் அது மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான வடிவமாக உறைகிறது. அமிலத்துக்கு மசியாமல் வெண்மையாக நிற்கும் அந்தப் படலத்தில், கடினத்தை அளக்க வைர முனையை அழுத்தினால் விழும் தடம் மிகச் சிறியது. அத்தனை கடினம், அத்தனை நொறுங்கும் தன்மை.

தண்டவாளத்தில் உருளும் சக்கரப் பரப்பின் மேலேயே பிரேக் கட்டை அழுத்தும் வண்டிகளில், நீண்ட இறக்கங்கள்தாம் பெரும் சோதனை. தயாரிப்பின்போது சக்கரத்தின் வெளிவளையத்தை மட்டும் நீர் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். அதனால் வளையத்தில் சுற்றுவாக்கில் ஓர் அமுக்கத் தகைவு, அதாவது எஃகை உள்ளிருந்தே நெருக்கும் விசை, தங்கி, விரிசல்களை வாய் திறக்கவிடாமல் காக்கிறது. இடைவிடாத பிரேக்கில் சூடேறும் வளையம் விரிய முயலும்போது, வளையத்துக்கும் சக்கர மையத்துக்கும் இடையில் குளிர்ந்திருக்கும் நடுத்தகடு அதைத் தடுக்கிறது. விரிய இடமின்றி உள்ளுக்குள் நசுங்கிய வளையம், ஆறிச் சுருங்கும்போது இழுவிசைக்கு உள்ளாகிறது. காவலாக இருந்த தகைவு, விரிசலைப் பிளக்கும் விசையாகத் திரும்பிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் இது தெரியவே தெரியாது.

தேய்ந்த வடிவத்தைக் கடைசல் எந்திரத்தில் சீராக்கலாம். ஒவ்வொரு முறை கடையும்போதும் ஆழத்திலுள்ள, சற்றே மென்மையான எஃகு மேலே வருவதால் அடுத்த தேய்மானம் விரைவாகலாம் என்பதற்காக, முடிந்தவரை குறைவாக வெட்டவே எவருக்கும் மனம் வரும். வழுக்கித் தட்டையான சக்கரத்தில் மட்டும் அந்தச் சிக்கனம் கூடாது: தட்டையின் அடையாளம் மறைந்த பிறகும், வெண்படலமும் அதன்கீழ் இறங்கிய விரிசல்களும் முழுதாக நீங்கும்வரை வெட்டியாக வேண்டும்.