சேலைன் போத்தலில் அளந்த பெற்றோல்

2022 ஜூன் மாத இறுதியில் இலங்கையில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாயாக உயர்ந்தது. அந்த விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. வாகனங்கள் ஓடாததால் திருத்தவும் எவரும் வராத அந்த நாட்களில், பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் என் அத்தான், தண்ணீரிலிருந்து எடுக்கும் வாயுவில் வாகனம் ஓட்டலாம் என்று சொல்லும் காணொளிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, தண்ணியைப் பிரிச்சால் காஸ் வரும், காஸிலை எஞ்சின் ஓடும். இதிலை என்ன பொய் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கும் நான் உடனே மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன இரண்டும் உண்மை. பிசகு இருந்தது அவை இரண்டுக்கும் நடுவே எவரும் எழுதிக் காட்டாத கணக்கில்தான்.

பரந்தனை உள்ளடக்கிய எங்கள் வன்னிப் பகுதியில் இவ்வாறான பேச்சை எளிதாகச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறு போத்தலில் வைத்திருந்த சில துளிப் பெற்றோலை, எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்க மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் கார்களையும் ஓட்டியவர்கள் நாங்கள். முடியாது என்று எந்தக் கையேடு சொன்னாலும் அதை நம்பாத பழக்கம் அப்போது வந்தது. ஆனால் மண்ணெண்ணெய் எரிபொருள்; குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதே அதன் குறை, சூடு கொடுத்தால் அந்தக் குறை தீரும். தண்ணீரோ ஐதரசன் ஏற்கெனவே எரிந்து முடிந்த பின் எஞ்சியது. அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்குவதற்கு என்ன செலவாகும் என்பதுதான் அத்தானின் கேள்விக்குள் இருந்த கேள்வி. தண்ணீரைப் பிரிக்கும் கருவியொன்றை நாங்களே செய்து, அதை அளந்து பார்ப்பதென்று முடிவெடுத்தோம்.

இதில் ஊர்ப்பொருத்தம் ஒன்றும் உண்டு. அத்தானின் கராஜ் இருக்கும் அதே பரந்தனில், 1950களில் தொடங்கப்பட்ட இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதனூடாக மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து (மின்பகுத்து) கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் தயாரித்தது. உப்புக் கரைசலை மின்பகுத்தால் ஐதரசனும் சேர்ந்தே வெளிவரும். யுத்தம் அந்த ஆலையை மூடிவிட்டது. எங்கள் கருவியின் தண்ணீரில் மின்சாரம் நன்கு பாய்வதற்காகக் கரைக்கவேண்டிய கோஸ்ரிக் சோடாவைச் சவர்க்காரம் காய்ச்சும் ஒருவரிடம் கால் கிலோ கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

கருவி எளிமையானது. துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள் ஏழு, அவற்றுக்கிடையில் ரப்பர் வளையங்கள், ஆக ஆறு கலங்கள். இரு ஓரத் தகடுகளையும் பற்றரியின் இரு முனைகளுடன் இணைத்தோம். கோஸ்ரிக் சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் போதாதா என்று அத்தான் கேட்டபோது மட்டும் நான் கண்டிப்பாக மறுத்தேன், ஏனெனில் உப்பிலிருந்து வருவது குளோரீன். 15 அம்பியர் மின்னோட்டத்தில், தலைகீழாகக் கவிழ்த்த ஒரு லீற்றர் போத்தல் 70 செக்கனில் வாயுவால் நிரம்பியது. இழப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்திருக்கும் என்பதால், கைவேலைக்கு அது நல்ல பெறுபேறே.

வாயுவை நேரே எஞ்சினுக்கு விடாமல், இடையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றினூடாகச் செலுத்தினோம். எஞ்சினிலிருந்து தீ பின்னோக்கி வந்தால் அங்கே அணையவேண்டும் என்பதற்காக. ஐதரசனும் ஒட்சிசனும் இரண்டுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும் வாயுவுக்கு வெளிக்காற்றுக்கூடத் தேவையில்லை. பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க வேண்டிய சக்தியில் பத்திலொரு பங்கே ஐதரசனுக்குப் போதும். மூன்றாம் நாள் எஞ்சின் ஒருமுறை திருப்பி அடித்தபோது அந்தப் போத்தலின் மூடி பறந்து தகரக் கூரையில் மோதியது, கோஸ்ரிக் கலந்த நீர் அத்தானின் முன்கையில் தெறித்தது. வாளித் தண்ணீரில் கையை நெடுநேரம் வைத்திருந்ததால் சிவப்போடு தப்பினார். வெடிச்சத்தம் கேட்டு முன்வீட்டு ஆச்சி பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து நின்றதைப் பார்த்ததுதான் அன்று எங்களுக்கு அதிகம் சுட்டது.

சோதனைக்கு எடுத்தது அத்தானின் பழைய நிசான் சன்னி, 1.3 லீற்றர் எஞ்சின், கார்பரேற்றர் உள்ளது. பெற்றோல் குழாயைக் கழற்றி, அளவுக்கோடு உள்ள சேலைன் போத்தல் ஒன்றை மேலே தொங்கவிட்டு, 250 மில்லிலீற்றர் ஊற்றி, எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்று பார்த்தோம். முதல்நாள் காலை கருவியில்லாமல் 15 நிமிடம் ஓடியது. உடனே கருவியை இணைத்து ஓட்டினோம், பதினாறரை நிமிடம். பத்து வீதச் சேமிப்பு! அத்தான் தேநீர் வாங்கிக் கொடுத்தார். காணொளிகளில் வரும் மனிதர்களில் பலர் பொய்யர்கள் அல்லர், இந்த இடத்தில் தேநீர் குடித்துவிட்டு அளப்பதை நிறுத்தியவர்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஒழுங்கை மாற்றினோம். எஞ்சினை நன்கு சூடாக்கிய பின் கருவியோடு ஓட்டியபோது அதே பதினாறரை நிமிடம். சூடு ஆறும் முன்பே கருவியைக் கழற்றி ஓட்டியபோது 18 நிமிடம். முதல்நாள் மிச்சம் பிடித்தது வாயு அல்ல, சூடு. குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விடயம், ஆனால் ஆசையோடு அளக்கும்போது அது இருவர் கண்ணுக்கும் படவில்லை.

அன்றிரவு கணக்கை அத்தானுக்குக் கொப்பியில் போட்டுக் காட்டினேன். 13.8 வோல்ற்றில் 15 அம்பியர் என்றால் ஏறத்தாழ 207 வாற்று. அதைத் தருவது அல்ரனேற்றர். அது தனக்குக் கிடைப்பதில் பாதியைத்தான் மின்னாக்கும், அதைச் சுழற்றும் எஞ்சினோ பெற்றோலின் வெப்பத்தில் காற்பங்கைத்தான் வேலையாக்கும். ஆகவே எட்டு மடங்கு, அதாவது 1,650 வாற்றளவு பெற்றோலை எரித்தால்தான் அந்த 207 வாற்று வரும். அதிலிருந்து கிடைக்கும் ஐதரசன் எரிந்து தருவது 110 வாற்றுக்கு அண்மையில். பதினைந்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்குகிறோம். "வாயு சேர்ந்தால் பெற்றோல் முழுசா எரியும் எண்டு சொல்லுறாங்களே?" என்று அவர் விடவில்லை. சூடான எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெற்றோல் மிகச் சொற்பம். அதோடு நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது அந்த எஞ்சினின் சிலிண்டர்கள் ஏறத்தாழ 2,000 லீற்றர் இடத்தை நிரப்பவேண்டியிருக்கும். அதற்குள் எங்கள் ஒரு லீற்றர்.

ஐதரசனில் எஞ்சின் ஓடாது என்று நான் சொல்லவில்லை. 1807 இல் ஐசாக் டி ரிவாஸ் கட்டிய எஞ்சின் ஐதரசனில்தான் இயங்கியது. 2006 இல் பிஎம்டபிள்யூ திரவ ஐதரசனில் ஓடும் காரை வெளியிட்டது. இவற்றுக்கான வாயு வெளியில் தயாரித்து நிரப்பப்பட்டது, ஓடும் வண்டி தானே தனக்குத் தயாரித்துக்கொண்டதல்ல. அப்படித் தயாரிப்பதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்ரான்லி மேயரின் கலத்தில் நடப்பது வழக்கமான மின்பகுப்பே என்று நிபுணர்கள் சாட்சி சொல்ல, 1996 இல் ஓகாயோ நீதிமன்றம் அதை மோசடியெனத் தீர்த்து, முதலிட்டவர்களின் 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தது. அத்தானுக்கு வந்த காணொளிகளில் மேயர் பலமுறை வருகிறார், தீர்ப்பு ஒருமுறைகூட வரவில்லை.

ஓகஸ்ட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருளைப் பங்கீட்டில் பெறும் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைக்கத் தொடங்கியதும், கராஜில் ஆட்கள் சேர்ந்தார்கள். தகடுகளைக் கழற்றியபோது உள்ளிருந்த நீர் தேயிலைச் சாயம்போல் மாறியிருந்தது. உருக்கிலிருந்த குரோமியம் கரைந்திருக்கலாம் என்பதால் அதைக் கிணற்றுப் பக்கம் ஊற்றவேண்டாம் என்றேன். கானில் அடைத்து மூலையில் வைத்தார், இன்னமும் அங்கேயே இருக்கிறது. சேலைன் போத்தல் மட்டும் கூரையின் பழைய வளைமரத்திலேயே தொங்குகிறது. கார்பரேற்றர் சரிபார்க்க வருகிறவர்களிடம் இப்போது அத்தான் 250 மில்லிலீற்றர் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, திருத்துமுன் ஒருமுறையும் திருத்தியபின் ஒருமுறையும் நேரம் பார்த்துக் காட்டுகிறார். அதற்குத் தனியாக 200 ரூபாய் வாங்குகிறார் என்பது என் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.