கீழக்கரை: கல்லிலும் சொல்லிலும்

ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 17 கிலோமீட்டர். முத்தும் சங்கும் ஏறிப்போன பழைய துறைமுகம். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டு ஜும்மா பள்ளிவாசலைப் பாருங்கள். தூணும், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் கோயில் ஸ்தபதிகளின் கைவேலை மாதிரியே இருக்கும். ஆனால் யாளி இல்லை, தெய்வ உருவம் இல்லை, பூவும் கொடியும்தான்.

17ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டுவித்தவர் வள்ளல் சீதக்காதி என்பது ஊர் வழக்கு. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று இன்றும் சொல்கிறோமே, அவரேதான். நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சொல்லும் சீறாப்புராணத்தைப் பாட உமறுப்புலவரைத் தூண்டியவரும் இவர். நூல் அரங்கேறும் முன்பே காலமானார். பிறகு ஆதரித்தவர் அபுல் காசிம் மரைக்காயர்.

இஸ்லாமிய அறிஞர் சதக்கத்துல்லா அப்பா அடங்கியிருப்பதும் இங்கேதான். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், நிறைய எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898இல் மறைந்தார்.

பழைய சுவர்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிமெண்ட் பூசாதீர்கள். உவர்நீர் சுவரில் ஏறும். வெளியே ஆவியாக வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். சுண்ணாம்புச் சாந்து மூச்சுவிடும்; அதையே பூசுங்கள்.