ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கலாமுங்களா?

கோவையில் பழைய வண்டியை விற்கப்போகிறேன் என்று சொன்னால், "கன்சல்டிங்ல விட்டுருங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடையைத்தான் இங்கே கன்சல்டிங் என்பார்கள். நானும் சில கன்சல்டிங்குகளில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலைக்கும் அதே மாடல் வெளியில் போகிற விலைக்கும் இருந்த வித்தியாசத்தில் புது டயர், செயின் செட், ஒரு வருஷ இன்சூரன்ஸ் எல்லாம் அடங்கிவிடும். அதனால் என் 2015 மாடல் பல்சர் 150ஐ நானே நேரில் விற்பது, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ நேரில் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். அடுத்தடுத்து விற்பவனாகவும் வாங்குபவனாகவும் நின்றதில், ஓட்டிப் பார்க்கும் அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான எண்ணம் வந்துவிட்டது. வண்டிக்கோ ஆளுக்கோ ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதைச் சாவி கைமாறும் முன்பே இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தில்தான் பலரும் இதைப் பேசாமல் விடுகிறார்கள்.

விளம்பரம் போடுவதற்கு முன் இன்சூரன்ஸைப் புதுப்பித்தேன். "விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க இப்போ?" என்று வீட்டில் கேட்டார்கள். விற்கப்போகிற வண்டிக்குத்தான் அது ரொம்பத் தேவை. முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகப்போகிறார். அவர் யார்மீதாவது மோதினால் இழப்பீட்டுக்கான நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கும் வரும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தாலும், ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்தே வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவே, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடக்கூடாது என்று உரிமையாளரைப் பார்த்துத்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 5,000 ரூபாய். ஓட்டுவது 18 வயது ஆகாத பையன் என்றால் 25,000 ரூபாயும், மூன்று வருஷம் வரை சிறையும் இருக்கிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசியில் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று இருக்குமே, அது உரிமையாளருக்கு மட்டும்தான். ஓட்டிப் பார்க்க வந்தவர் விழுந்து கை காலை முறித்துக்கொண்டால் அதிலிருந்து அவருக்கு எதுவும் வராது.

இதையெல்லாம் படித்து வைத்திருந்ததால் போனிலேயே நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். பகலில் வர வேண்டும், கியர் வண்டிக்கான லைசென்ஸ் ஒரிஜினலாகவோ டிஜிலாக்கரிலோ காட்ட வேண்டும், ஹெல்மெட் கொண்டுவர வேண்டும். சிலர் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

சரவணம்பட்டியிலிருந்து ஒரு காலேஜ் பையன் நண்பனோடு வந்தான். கையில் இருந்தது எல்.எல்.ஆர். மட்டும். "பத்து நிமிஷந்தானுங்ணா, சந்துக்குள்ளயே ஓட்டிட்டு வந்துர்றேன்" என்று கெஞ்சினான். நல்ல பையன்தான், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எல்.எல்.ஆர். வைத்திருப்பவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று சொன்னேன். கடைசியில் லைசென்ஸ் வைத்திருந்த நண்பன் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து போய்வந்தான். வண்டியை வாங்கவில்லை. பரவாயில்லை.

இன்னொரு நாள் இரண்டு பேர் ஒரு ஸ்கூட்டரில் வந்தார்கள். "நம்ம வண்டியும் சாவியும் இங்கயே இருக்கட்டுங்க, ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றோம்" என்று அவர்களாகவே சொன்னார்கள். நம் ஊரில் வழக்கமாக நடப்பதும் இதுதான். வந்தவருடைய வண்டி வாசலில் நிற்கிறது, எங்கே போய்விடப்போகிறார் என்று நமக்கும் தோன்றும். ஆனால் பணயமாக நிற்கிற வண்டியே திருட்டு வண்டியாக இருந்தால் அதனால் நமக்கு என்ன பாதுகாப்பு? நான் அந்த நம்பரை, வண்டி விவரம் காட்டும் அரசாங்க ஆப்பான எம்பரிவாகனில் போட்டுப் பார்த்தேன். வேறொரு கம்பெனியின் வேறொரு மாடல் வந்தது. நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று திரும்பவும் போட்டேன், அதேதான். "ஆர்.சி. கொண்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். கிளம்பிப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவர்களிடம் நியாயமான காரணம்கூட இருந்திருக்கலாம். ஆனால் பொருந்தாத நம்பரை வைத்துக்கொண்டு யாரும் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

முழுப் பணத்தையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு சாவி கொடுப்பவர்களும் உண்டு. அது எனக்கு ஒப்புதலில்லை. வண்டி பிடிக்குமா என்றே தெரியாத ஒருவரை அவ்வளவு ரொக்கத்தோடு தெரியாத வீட்டுக்கு வரச்சொன்னால் ஆபத்து அவர் பக்கம் போய்விடுகிறது. பின்சீட்டில் தானே ஏறிக்கொள்வதும் சரிவராது. இரண்டு பேர் எடையில் வாங்குபவருக்கு வண்டியின் உண்மையான போக்கு தெரியாது. வந்த ஆள் மோசமானவராக இருந்தால் நாமும் அவரோடு மாட்டிக்கொள்வோம். நான் செய்தது இதுதான்: லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்வேன், அவர் வந்த வண்டியைச் சரிபார்ப்பேன், துடியலூரில் எங்கள் வீட்டிலிருந்து வெள்ளக்கிணறு வரை போய்த் திரும்பும் வழியை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், மச்சான் இன்னொரு பைக்கில் பின்னாலேயே போவார். எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு வண்டின்னாலும் இப்படித்தாங்க செய்வேன்" என்று ஒருவர் சொன்னது மனசுக்கு இதமாக இருந்தது.

கிளம்பும் முன் டேங்க், இண்டிகேட்டர், லீவர், சைலன்சர் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வேன்: "கீழ போட்டுட்டா செலவு உங்களுதுங்க. வண்டியில ஏற்கெனவே இருக்கற கோளாறுல ஏதாச்சும் ஆனா அது என்னுது." சேர்த்து, என் வண்டியின் குணத்தையும் சொல்லிவிடுவேன். முன் டிஸ்க் பிரேக் தொட்டதும் பிடிக்கும், கிளட்ச் லீவர் கடைசியில்தான் விடும், பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்பது மாதிரி. குறையைச் சொன்னால் விலை குறையும் என்று இதை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாத வண்டியில் முதல் 100 மீட்டரில்தான் ஆள் தடுமாறுவார். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதை மறைப்பது வியாபாரத் தந்திரம் இல்லை, அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

அன்னூரிலிருந்து ஒரு பெரியவர் தன் மெக்கானிக்கோடு வந்து, இத்தனைக்கும் சம்மதித்து, நிதானமாக ஓட்டிப் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நான் வாங்கும் பக்கம். போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க." குளிர்ந்த இன்ஜின் எதையும் மறைக்காது. ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது, வால்வுப் பக்கம் தட்டும் டேப்பட் சத்தம் வருகிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்பதெல்லாம் அந்த முதல் ஒரு நிமிஷத்தில் தெரியும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். காலையில் லேசாக வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம், பயமில்லை.

சிங்காநல்லூரில் முதலில் பார்த்த கிளாசிக், நான் போனபோது கழுவித் துடைத்து ஓடிக்கொண்டிருந்தது. "சூடு பண்ணி வெச்சிருக்கேன், ஏறுங்க" என்றார். ஏறினேன். நேரான ரோட்டில் 40க்குக் கொண்டுபோய் ஹேண்டில் பாரைப் பிடியைத் தளர்த்திப் பார்த்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. கையை முழுதாக விடவே கூடாது. விரல்களை லேசாகத் தளர்த்தினாலே தெரிந்துவிடும். ரோட்டின் சாய்வாக இருக்குமோ என்று எதிர்த் திசையிலும் ஓட்டினேன், அப்போதும் இடதுதான். திரும்பி வந்து சொன்னதும் "டயர்ல காத்து கம்மியா இருக்குங்க" என்றார். பக்கத்துக் கடையில் காற்றுப் பிடித்து மறுபடி ஓட்டியும் மாறவில்லை. உட்கார்ந்து முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கை உற்றுப் பார்த்தபோது, ஹேண்டில் முழுதாகத் திரும்பி முட்டும் இடத்தில் சேஸிஸின் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தது. முந்தைய ஓனர் காலத்தில் எங்கேயோ பலமாக இடித்திருக்கிறது. இவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேஸிஸில் அடிபட்ட வண்டியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் பொள்ளாச்சியில் 2019 மாடல் ஒன்று. கார்ப்பரேட்டர் வண்டி, கிக்கர் உண்டு. வைத்திருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். சொன்னபடியே குளிர்ந்த வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். சோக் போட்டு இரண்டாவது உதையில் பிடித்தது, புகை இல்லை. ஆர்.சி.யில் இருந்த சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போயின. எல்லாம் சரி, இன்சூரன்ஸ் கேட்டேன். "அஞ்சு வருசத்துக்குச் சேத்துக் கட்டியாச்சுங்க" என்று பாலிசியை எடுத்துவந்தார். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டி கட்டாயமானது. அந்தக் கணக்குப்படி 2019 வண்டிக்கு 2024இலேயே முடிந்துவிடும். அவர் கவனிக்கவே இல்லை. ஐந்து வருஷம் நினைப்பில்லாமல் இருந்து பழகியதால் பல வீடுகளில் இப்படித்தான் ஆகியிருக்கும்.

"பக்கத்துல தானுங்க, யாரு பாக்கப்போறாங்க" என்றார். போலீஸ் பார்ப்பதற்காக நான் தயங்கவில்லை, குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன செய்வது என்றுதான் தயங்கினேன். அதனால் அன்றைக்கு அவருடைய வாசலிலேயே முதல் கியரில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்ததோடு சரி. 150க்கு மேல் 350 சிசி வரை ஒரு வருஷத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் அப்போது 1,366 ரூபாய், வரி தனி. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லி அங்கேயே அனுப்பினேன். அவர் முதலில் மறுத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். பாலிசி கைக்கு வந்தபின், அடுத்த வாரம் உக்கடத்தில் பஸ் ஏறி மறுபடி போனேன்.

அன்று ஆனைமலை ரோட்டில் ஓட்டியது நல்ல ஓட்டம். கிளாசிக்கில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, அதனால் கிளட்ச் ஸ்லிப்பைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே சட்டென்று முறுக்கினேன். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதில் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறின. எல்லா கியரிலும் முறுக்கி விட்டுப் பார்த்தேன், எதுவும் நழுவி வெளியே வரவில்லை. பின்னால் யாரும் இல்லாத இடத்தில் முன் பிரேக்கை மட்டும் படிப்படியாக அழுத்தியபோது லீவர் துடிக்கவில்லை, டிஸ்க் நேராக இருக்கிறது. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஹேண்டில் பாரில் 'டொக்' என்று ஓர் அடி. வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் ஒரு தடங்கல். ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங், அதாவது கோன்செட், போயிருக்கிறது.

இதை அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கைக்கும் தெரிந்தது. தன் மெக்கானிக்குக்கு அவரே போன் போட்டு, கோன்செட் மாற்றும் செலவைக் கேட்டு அதை விலையில் கழித்துக்கொண்டார். பேரம் என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. வாங்குபவர் குறையைச் சும்மா வாயால் சொன்னால் விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்றுதான் விற்பவருக்குத் தோன்றும். கையில் தொட்டுக் காட்டிவிட்டால் அந்தச் சந்தேகம் வராது.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டிக்கும் படிவம் 29, 30 கையெழுத்தாகிப் பரிவாகன் தளத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். "கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மெதுவா மாத்திக்கறேன்" என்று யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆள்தான் மாட்டிக்கொண்டார். நாங்கள் தேதியோடு நேரத்தையும் போட்டு டெலிவரி லெட்டர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். நேரம் முக்கியம். அன்றைய தேதியில் காலை ஒரு சலான் விழுந்தால் அது யாருடையது என்று அதுதான் சொல்லும்.

அன்னூர் பெரியவர் பெயருக்குப் பல்சர் மாறும் வரை எம்பரிவாகனில் அவ்வப்போது நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர் மாறிவிட்டது. ஆனாலும் லெட்டரைக் கிழித்துப் போடவில்லை. நடுவில் இருந்த நாட்களுக்கான வழக்கு ஏதாவது பின்னால் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், கிளாசிக்கின் ஆர்.சி.யோடு சேர்த்து அதே ஃபைலில் வைத்திருக்கிறேன்.