பச்சை பாய்ந்த முகங்கள்: ஒரு போட்டோ பிரிண்டர் நாட்குறிப்பு

மே 18, 2023

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி, தன் ஆறு நிற போட்டோ பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. அப்படியே கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர், கோயில் கொடை முடிந்துதான் திறந்திருக்கிறார். வேலை முடிந்ததும், மையைத் தெளிக்கும் பாகமான ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் அமர்ந்தால்தான் மை காயாமல் இருக்கும். இந்த அக்னி நட்சத்திரத்தில் அது நடுவழியில் திறந்தே கிடந்திருக்கிறது.

அவர் காட்டிய படத்தில் மணப்பெண்ணின் முகம் பச்சை பாய்ந்திருந்தது. நாசில் செக் எடுத்தேன்; ஹெட்டின் ஒவ்வொரு துளையும் (நாசில்) மை விடுகிறதா என்று கோடுகளாகக் காட்டும் சோதனைத் தாள் அது. லைட் மெஜந்தா என்ற வெளிர் ஊதாச்சிவப்பு மையில் பாதிக் கோடுகள் இல்லை; அடர் நிறமான மெஜந்தாவிலும் அங்கங்கே விடுபட்டிருந்தன.

ஹெட்டையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செலவு புது பிரிண்டர் விலையை நெருங்கும். “பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் தம்பி, பாஸ்போர்ட் போட்டோவுக்குத்தான் ஆள் வரும்” என்றார். எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும்.

மே 19

ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு, அதாவது ஹெட் வழியாக மையை உறிஞ்சித் துளைகளைச் சுத்தம் செய்ய பிரிண்டரையே ஓடவிட்டு, மறுபடி பார்த்தேன். விடுபட்ட கோடுகள் அதே இடத்தில்தான் இருந்தன. விடுபடும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஓர் இரவு சும்மா விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாமல் இருந்தால் காய்ந்த மை. அதை ஊறவைத்துத்தான் கரைக்க வேண்டும். கிளீனிங் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். உறிஞ்சிய மையெல்லாம் அடியிலுள்ள கழிவுப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. பஞ்சின் கணக்கு நிறைந்தால் பிரிண்டர் ஓடவே ஓடாது.

ஹெட்டை நகர்த்திவிட்டு ரப்பர் மூடியைப் பார்த்தேன். விளிம்பு முழுவதும் காய்ந்த மை, கருநீலப் பொருக்காக. அது இருக்கும்வரை மூடி ஹெட்டோடு படியாது. மூடி வழியாக மையை உறிஞ்சும் பம்ப், மைக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பட்ஸை நனைத்து, பொருக்கு இளகி வரும்வரை மெல்லத் துடைத்தேன். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதன் உப்பும் நாசிலில் படியும். பிறகு மூடிக்குள் சில சொட்டுகள் விட்டு ஒரு கிளீனிங் கொடுத்தேன். தண்ணீர் உள்ளே போய்விட்டது. பம்ப் உயிரோடு இருக்கிறது!

இரவு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிசிறில்லாத துணியை மடித்து நனைத்து ஹெட்டின் அடியில் வைத்தேன்.

மே 20

துணியில் ஆறு நிறமும் இறங்கியிருந்தன. லைட் மெஜந்தா மட்டும் வெளிறிய பட்டையாக. “சிரிஞ்சை வைத்து அழுத்திவிடலாமா?” என்று கேட்டார் அண்ணாச்சி. வேண்டவே வேண்டாம் என்றேன். தலைமுடியைவிட மெல்லிய துளைகள்; அழுத்தம் மிஞ்சினால் ஹெட் உள்ளுக்குள் சிதைந்துவிடும். துணியை மாற்றி மறுபடி ஊறவைத்திருக்கிறேன்.

மே 22

மெஜந்தா இரண்டிலும் கோடுகள் முழுதாக வந்துவிட்டன. அதே மணப்பெண் படத்தை எடுத்தோம். மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகவே வந்தது. அண்ணாச்சி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்கு இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே பிரிண்டரையும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போனாலும் ஹெட் மூடிக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். லைட் சயான் என்ற வெளிர்நீல மையில் ஒரு கோடு இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது. தினமும் ஒரு வண்ணப் படம் ஓடட்டும். அடுத்த வாரம் பார்க்கிறேன்.