அம்மாவின் மருந்துப் பை

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்காக அம்மாவைக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் என்று சொன்ன காலையில் பணம் கட்ட ஓடப் பார்த்த என்னை, பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் துணையிருந்த அக்கா நிறுத்தினார். "மிஞ்சிய மருந்தை ரிட்டர்ன் போட்டுவிட்டுப் பில் கட்டுங்கள், தம்பி." அதுவரை வேறு யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை.

கட்டிலோர அலமாரியைத் திறந்தேன். பிரிக்காத சலைன் பாட்டில்கள், சிரிஞ்சுகள், கையுறைகள், நான்கு ஆன்டிபயாடிக் குப்பிகள். மறுநாளுக்கான மருந்தை மாலையிலேயே எழுதி வாங்கச் சொல்வார்கள். காலையில் மருத்துவர் வந்து மருந்தை மாற்றிவிடுவார். வாங்கியது அப்படியே நிற்கும். நர்ஸ் ரிட்டர்ன் சீட்டு எழுதித் தந்தார். மருந்தகத்தில் தொகுதி எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டு, பிரிக்காதவற்றை எடுத்துக்கொண்டார்கள். வெட்டிய மாத்திரை அட்டைகளை ஏற்கவில்லை. காலாவதித் தேதி இருந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போனதால், அது எந்த மாதத்து மருந்து என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. 1,140 ரூபாய் பில்லில் கழிந்தது. மீதியெல்லாம் ஒரு பையில் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

இரண்டு வாரத்தில் அம்மாவின் கால்கள் வீங்கின. அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் ரத்தம் உறையலாம் என்று எச்சரித்திருந்தார்கள். அதற்காக வயிற்றில் ஊசியும் போட்டிருந்தோம். பயந்துபோய் உள்ளூர் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கியிருப்பதைப் பார்த்தவர், ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டே, "சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றார்.

மேசையில் பரப்பினோம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது ஒன்று. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே: அம்லோடிபின் 5 மி.கி. அம்மா இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும் என்றார் மருத்துவர். ஸ்கேனில் ரத்தக் கட்டி இல்லை. ஒன்றை நிறுத்தியதும் சில நாளில் வீக்கம் வடிந்தது. வீட்டில் மருந்து கூடுதலாகச் சேர்ந்தால் பணம் மட்டும்தான் வீண் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிரவே பையைக் காலி செய்ய உட்கார்ந்தேன். மருந்துக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. கிளறுபவர் கையில் ஊசி ஏறும். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: திடக்கழிவு விதிகளின்படி காலாவதியான மருந்தையும் பயன்படுத்திய ஊசியையும் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுத்தேன். ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டக் கூடாது; அவை நீரில் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர வழியாகும். வலிக்குக் கொடுத்த டிரமடால் மட்டும் விலக்கு. பிறர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட, கழிப்பறையில் விட வேண்டிய 17 மருந்துகளின் பட்டியலில் அது இருக்கிறது.

கேரளத்தில் வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை 2025-ல் கோழிக்கோட்டில் அரசே தொடங்கியிருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடை வாசலிலும் அப்படி மிஞ்சிய மருந்தைப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

போன வாரம் திட்டப் பணியாளர் மாத்திரையோடு வந்தார். அம்மா உள்ளே போய்ப் பழைய அட்டைகளை எடுத்து வந்து அவர் முன் எண்ணினார்.

"இன்னும் பன்னிரண்டு இருக்கிறது, கண்ணு. அதைக் கழித்துக்கொண்டு கொடு."