"எந்த ஏரியா?" என்று கேட்ட பிறகு

நான் இருப்பது சென்னையின் ஓரத்தில், குடிசைகளைக் காலி செய்து குடியேற்றிய கண்ணகி நகரில். ஆனால் என் போனைப் பறித்தது அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே "உங்க ஏரியாலதானே?" என்று கேட்கிறார்கள். நடந்தது சென்னைக்கு நடுவில், பெரிய பெரிய அடுக்குமாடிகள் இருக்கிற, வாசலுக்கு வாசல் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிற ஒரு தெரு முனையில். இரவு ஒன்பதரை மணி, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், அம்மாவிடம் பேசிக்கொண்டே. பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள், பின்னால் இருந்தவன் கையை நீட்டினான், அவ்வளவுதான். கம்மலோடு சேர்த்து இழுத்ததில் காது கிழிந்துவிட்டது.

பக்கத்திலிருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். எழுதிக்கொண்டவர் நன்றாகத்தான் பேசினார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முகவரி சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் வந்த கேள்விகளே வேறு. போனுக்கு பில் இருக்கிறதா, வீட்டில் யார் மேலாவது கேஸ் இருக்கிறதா, பைக்கில் வந்தவர்களை முன்னாலேயே தெரியுமா. "உங்க ஏரியா பசங்களாத்தான் இருக்கும், போய் விசாரிச்சுப் பாரும்மா" என்றார். காதில் கர்ச்சீப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். கடைசியில் ஒரு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், அதில் கைப்பேசி 'காணாமல் போனது' என்று இருந்தது. காணாமல் போகவில்லை சார், பறித்தார்கள் என்றேன். எல்லாம் ஒண்ணுதான் என்றார்.

ஒன்று இல்லை. சிஎஸ்ஆர் என்பது புகார் வந்தது என்று நிலையத்துப் பதிவேட்டில் எழுதி வைப்பது, அவ்வளவுதான். வழக்கு என்று ஆவது எஃப்ஐஆர் போட்டால்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிற கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று போடுகிறார்களே, அதில் ஏறுவதும் எஃப்ஐஆர் ஆனவை மட்டுமே. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. அதோடு அது மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் பெரிய நகரங்களுக்கும் போடுகிற கணக்கு, ஏரியா வாரியாகக் கிடையாது. அப்படியிருக்க "அங்கே க்ரைம் ரேட் ஜாஸ்தி" என்று எங்கள் பகுதியைப் பற்றி அடித்துச் சொல்கிறவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. என் போன் போன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நல்ல ஏரியாவின் கணக்கில் அது ஒரு குற்றமாக ஏறவில்லை, ஆனால் பறிகொடுத்த நான் இருக்கிற ஏரியாவின் மேல் சந்தேகம் ஏறிவிட்டது.

குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கஞ்சா இருக்கிறது, வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, சில படிக்கட்டுகளில் இருட்டிய பிறகு நானே ஏற மாட்டேன். ஆனால் இந்த இடம் எப்படி உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். 2000-இல் தொடங்கி, கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று ஊர் முழுக்க இருந்த குடிசைகளைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள், 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்து ஜனங்களையும். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000 வீடுகளுக்கு மேல். எங்களை லாரியில் ஏற்றி வந்தபோது எனக்கு ஆறு வயது. கூவம் கரையில் எங்கள் சந்தில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், புது ஆள் ஒருவர் நுழைந்தால் யாராவது ஒரு ஆயா "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிடும். இங்கே குலுக்கலில் வீடு கொடுத்ததில் அந்தச் சந்து முழுக்கச் சிதறிப்போனது. எதிர்வீட்டில் யாரென்றே தெரியாது. பெரியவர்களுக்கு வேலையோ பழைய இடத்தில், இருபது கிலோமீட்டருக்கு மேல், விடிவதற்குள் கிளம்பிப் போய் இரவில்தான் திரும்புவார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகள் தனியாக. பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டவர்கள் எங்கள் படிக்கட்டிலேயே நாலைந்து பேர்.

அதில் ஒருத்தன் என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். பதினேழு வயதில் ஒரு அடிதடி கேஸில் மாட்டினான். அதற்குப் பிறகு பண்டிகை வந்தாலும் சரி, தலைவர்கள் யாராவது வந்தாலும் சரி, முதல் நாளே போலீஸார் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கேட்டரிங் வேலைக்குப் போகிறான், ஒரு பெண் குழந்தை இருக்கிறது, இப்போதும் அதேதான். வேலைக்கு மனுப் போடும்போது எங்கள் பசங்களில் பாதிப் பேர் முகவரியில் கண்ணகி நகர் என்று போடாமல், பக்கத்திலிருக்கிற துரைப்பாக்கம் என்றுதான் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய அணியின் கார்த்திகா, கண்ணகி நகர் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றபோது எங்கள் பிளாக்கே அழுதது, அதற்குக் காரணம் இதுதான்.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதுச் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவில், பறிப்பு தனிக் குற்றம், மூன்று வருஷம் வரை தண்டனை. இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. நிலையத்தில் மறுத்தால் புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம், சென்னையில் என்றால் துணை ஆணையருக்கு. ஆகவே புகார் எழுதும்போது 'பறித்தார்கள்' என்று எழுதுங்கள், காயம் பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், ரசீதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அரசின் சிஇஐஆர் தளத்தில் போனை முடக்கவும் முடியும், அதற்கும் புகார் நகல் வேண்டும்.

நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு எஃப்ஐஆர் நகல் கொடுத்தார்கள். அதில் என் பெயருக்குக் கீழே கண்ணகி நகர் என்று இருக்கிறது, புகார்தாரர் என்கிற இடத்தில்.

போன் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா மெயின் ரோட்டிலேயே வந்து நிற்கிறார். ஒன்பது மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ உள்ளே வராது என்பதால், அதே பஸ்ஸில் வருகிற பக்கத்து பிளாக் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டுதான் நாங்கள் நடக்கிறோம். வழியில் ஏழு விளக்குக் கம்பங்கள், அதில் மூன்று எரியவில்லை. கம்ப எண்களைக் குறித்துக்கொண்டுபோய் மாநகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.