உடைந்த குழாயின் கணக்கு

குடிநீர்க் குழாய் வலையமைப்பைக் கணினியில் வரைந்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் ஈபிஏநெட்டில்தான் செய்கிறோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. குழாய்கள் நன்றாக இருக்கும்வரை அது சொல்வதை நம்பலாம். உடைந்துவிட்டால்தான் சிக்கல்.

பழைய பதிப்புகளில், ஒவ்வொரு தெருவும் தனக்கு வேண்டிய தண்ணீரை எடுத்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு ஓடும். கணினியில் பெரிய குழாய் ஒன்றை உடைத்துவிட்டு ஓட்டினால், கடைசித் தெருவில் அழுத்தம் மைனஸ் 15 மீட்டர் என்று வரும் (அழுத்தத்தை, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று மீட்டரில் சொல்வோம்). முழு வெற்றிடமே மைனஸ் 10 மீட்டர் சொச்சம்தான்! ஆனாலும் அந்தத் தெருவுக்கு முழுத் தண்ணீரும் கிடைத்ததாகக் காட்டும். காலிக் குடத்தோடு நிற்கிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எனக்கு இதில் கோபம்கூட வந்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் வரத்தும் குறையும் என்ற கணக்கு 2020இல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது.

அப்புறம் கசிவு. 10 மி.மீ. ஓட்டை ஒன்று, 10 மீட்டர் அழுத்தம். நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் வெளியேறும். இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டால், ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 35 பேருக்கான ஒரு நாள் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் இந்த வட்ட ஓட்டையில் கசிவு 40 சதவீதம்தான் கூடும். பி.வி.சி. குழாயில் நீளவாக்கில் விழுந்த விரிசலோ அழுத்தம் ஏற ஏற வாய் பிளக்கும். அங்கே கசிவு 2.8 மடங்குகூட ஆகலாம். 'பிரஷரைக் கூட்டி விடுங்கள்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்த விரிசல்தான் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், உடைப்பைச் சரிசெய்யத் தண்ணீரை நிறுத்தும் வால்வு. ஓர் ஊரில், உடைப்புக்கு இரு பக்கமும் வரைபடத்தில் இருந்த வால்வுகளைக் கணினியில் அடைத்துக் காட்டினேன். பாதிப்பு ஒரே தெருவுக்குத்தான் என்று வந்தது. பக்கத்தில் நின்ற குடிநீர்க் குழாய் லைன்மேன், "சார், இந்த வால்வு மேல ரோடு போட்டு வருசக்கணக்காச்சு. அந்தப் பக்கத்து வால்வு திரும்பாது. நாலு தெரு தள்ளித்தான் அடைக்கணும்" என்றார். அவர் சொன்னபடி அடைத்து ஓட்டினோம். மேட்டுத் தெரு முழுக்கக் காய்ந்துபோனது.

இப்போது ஓர் ஊருக்குப் போனால், முதலில் லைன்மேன்களோடு நடந்து ஒவ்வொரு வால்வாகத் திருப்பிப் பார்க்கிறோம். திரும்பாததைக் கணினி மாதிரியிலிருந்து எடுத்துவிட்டுத்தான் உடைப்புகளை ஓட்டுகிறோம். உடைப்பு நடந்தால் எந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் அனுப்புவது என்ற பட்டியல் அதிலிருந்துதான் தயாராகிறது.